மலைக்குக் கணக்குச் சொல்லும் நாள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் ஒரு பக்கம் முழுக்கப் படங்களாக வந்திருந்ததே, அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். காதில் சிவப்பும் மஞ்சளுமாக ரிப்பன் தொங்கும் பசுக்கள், தொப்பியில் பூச் செருகிய பெண்கள், சுருள் சுருளான கொம்பை வானத்தைப் பார்த்து ஊதும் ஒரு பெரியவர். மேலே ‘பெருவின் மாட்டுப் பொங்கல்’ என்று தலைப்பு. கீழே, ‘ஆண்டீஸ் மலை மக்கள் மாடுகளைத் தெய்வமாக வணங்கும் நாள்’ என்று ஒரு வரி. வேறு விவரம் இல்லை.

படங்களுக்கு நன்றி. அந்தப் பக்கத்தைக் கத்தரித்து என் ஜெபப் புத்தகத்துக்குள் வைத்திருக்கிறேன். ஆனால் அந்த ஒரு வரி சரியில்லை. அங்கே யாரும் மாட்டை வணங்குவதில்லை. அந்த நாளில் நடப்பது வேறு. அதைச் சொல்லாமல் இருக்க என்னால் முடியவில்லை. கடிதம் நீண்டுவிட்டது. இடமில்லை என்றால் சுருக்கிப் போடுங்கள். அந்த வரியையாவது திருத்துங்கள்.

நான் ஒரு கன்னியர் சபையைச் சேர்ந்தவள். செவிலியர் படிப்பு படித்தவள். 1996 முதல் 2015 வரை 19 ஆண்டுகள் பெரு நாட்டில் ஹுனின் மாநிலத்தில், மந்தாரோ பள்ளத்தாக்குக்கு மேலே உள்ள ஒரு மலைக் கிராமத்தில் எங்கள் சபையின் மருந்தகத்தில் இருந்தேன். லிமாவிலிருந்து பேருந்தில் கிழக்கே ஏறினால் திக்லியோ கணவாய் வரும். உயரம் 4,818 மீட்டர். முதல் தடவை அதைக் கடந்தபோது தலை பிளந்துவிடும் போல வலித்தது. பக்கத்து இருக்கைப் பெண் என் கையில் கொஞ்சம் கோகா இலையைத் திணித்து, வாயில் போட்டு மென்றுகொள்ளச் சொன்னார். கணவாயைத் தாண்டினால் இறக்கம். லா ஒரோயா உலோக ஆலையின் புகைபோக்கி தெரியும். அப்புறம் ஆற்றோடு போனால் உவான்காயோ நகரம், சுமார் 3,250 மீட்டர். எங்கள் கிராமம் அதற்கும் மேலே. கிராமத்துக்கும் மேலே பூனா எனப்படும் மேட்டுப் புல்வெளி. மரம் கிடையாது. இச்சு என்கிற முரட்டுப் புல்தான் கண்ணுக்கு எட்டிய தூரம் வரை. ஆடு, மாடு, ஒட்டக இனத்தைச் சேர்ந்த அல்பாக்கா, லாமா எல்லாம் மேய்வது அங்கேதான். ஜூலை மாதம் அங்கே வறண்ட காலம். இரவில் வாளியில் வைத்த தண்ணீர் காலையில் கட்டியாக இருக்கும்.

படத்தில் இருக்கும் விழா ஜூலை 25-ல் நடப்பது. சந்தியாகோ என்று சொல்வார்கள். ஹெர்ரான்சா, அதாவது கால்நடைகளுக்கு அடையாளம் இடும் சடங்கு, என்றும் சொல்வதுண்டு. பெரியவர்கள் ‘தாய்தா ஷாந்தி’ என்பார்கள். தாய்தா என்றால் அப்பா. ஷாந்தி, சந்தியாகோவின் செல்லப் பெயர். என் சொந்த ஊர் தங்கச்சிமடம். எங்கள் ஊரில் சந்தியாகப்பர், அதாவது இயேசுவின் சீடர் புனித யாக்கோபு, கோயில் உண்டு. போர்த்துக்கீசியர் வாயிலிருந்து நமக்கு வந்த அதே பெயர், அதே புனிதர், அதே ஜூலை 25. கொடியேற்றமும் நவநாளும் பார்த்து வளர்ந்தவள் நான். ஆகவே முதல் ஆண்டு ஒரு மூதாட்டி, “எர்மானா, எங்கள் வீட்டில் தாய்தா ஷாந்திக்கு இரவு விழிப்பு, நீங்களும் வர வேண்டும்” என்று கூப்பிட்டபோது எனக்கு ஒரே சந்தோஷம். எர்மானா என்றால் சகோதரி. அவர் காலில் ஆறாத புண் இருந்தது. வாரம் இரண்டு முறை நான்தான் கட்டு மாற்றுவேன்.

போனேன். தரையில் கம்பளிச் சால்வை விரித்திருந்தது. அதன்மேல் கோகா இலைக் குவியல், சாராயப் புட்டி, சிகரெட், சுருட்டி வைத்த ரிப்பன்கள், மணிகள். நடுவில் கொழுப்புப் பூசிய சின்னச் சின்னக் கற்கள். ஒரு கல் ஆடு படுத்திருப்பது போலவே இருந்தது. புனிதரின் சின்ன சுரூபம் ஒன்றும் ஓரமாக இருந்தது. ஆனால் அவர்கள் பேசிக்கொண்டிருந்தது புனிதரோடு அல்ல, மலையோடு. எனக்கு உடம்பெல்லாம் சுருங்கிவிட்டது. தலைவலி என்று சொல்லி எழுந்து வந்துவிட்டேன். அடுத்த இரண்டு ஆண்டும் ஏதோ சாக்குச் சொல்லிப் போகவில்லை. அந்த அம்மா என்னை ஒன்றும் கேட்கவில்லை. கட்டு மாற்றிக்கொண்டு, உருளைக்கிழங்கு கொடுத்துவிட்டுப் போவார்.

நான்காம் ஆண்டு, ஒரு மாதக் கடைசியில் வந்தவர், நான் மருந்து அலமாரியைத் திறந்து வைத்து மாத்திரைகளை எண்ணிப் பேரேட்டில் எழுதுவதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

“இது யாருக்குக் காட்ட, எர்மானா?”

“சபைக்கு, மாமாய்” என்றேன். மாமாய் என்றால் அம்மா.

“மருந்தெல்லாம் உங்களுடையது இல்லையா?”

“இல்லை. என் பொறுப்பில் இருக்கிறது, அவ்வளவுதான்.”

“எங்களுக்கும் அதேதான்” என்றார்.

அவர் சொன்னதை முழுக்கப் புரிந்துகொள்ள எனக்கு இன்னும் சில ஆண்டுகள் ஆயின. ஆனால் அந்த ஜூலையில் நான் அவர் வீட்டுக்குப் போனேன். அதற்குப் பிறகு ஒரு ஆண்டுகூட விடவில்லை.

அந்த மக்களுக்கு ஆடு மாடு மேய்ப்பவனுடைய சொத்து இல்லை. அவை மலையுடையவை. ஒவ்வொரு பெரிய மலையிலும் ஒரு வமானி இருக்கிறார். மலைக்கு உயிராக, மந்தைக்கு உரியவராக இருப்பவர் அவர். அவர் தம்முடைய உயிர்களை மனிதர் கையில் ஒப்படைத்திருக்கிறார். மேய்ப்பவர் பாலையும் கம்பளியையும் கறியையும் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் ஆண்டுக்கு ஒரு முறை எத்தனை இருந்தது, எத்தனை பிறந்தது, எத்தனை செத்தது, எத்தனை விற்றது என்று சொல்ல வேண்டும். எடுத்ததற்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அந்த நாள்தான் இது. உரியவருக்கு முன்னால் உட்கார்ந்து கணக்குச் சொல்லும் நாள்.

அந்த எண்ணிக்கை எப்படி நடக்கும் என்று சொல்கிறேன், ஏனென்றால் படங்களில் அது வராது. இரவு, விளக்கு வெளிச்சம். எல்லோருக்கும் ஒரு கை கோகா இலை. அதில் கிழிசல் இல்லாத, மடங்காத, பூச்சி தின்னாத முழு இலைகளை ஒவ்வொன்றாகத் தேடி எடுக்க வேண்டும். நீளமான பெரிய இலை பசுவுக்கு. உருண்டையான குட்டி இலை செம்மறிக்கு. இலையை எடுத்துச் சால்வையில் வைக்கும்போது எந்த உயிருக்காக வைக்கிறோம் என்று சொல்வார்கள். “இது நெற்றி வெள்ளைச்சி.” “இது போன மழையில் ஓடையில் விழுந்து பிழைத்தது.” “இது இடது கொம்பு மழுங்கினது.” பெயர் தெரியாத ஒரு ஆடும் இருக்காது. குழந்தைகள் சரியாக நினைவு வைத்திருந்தால் பெரியவர்கள் முகத்தில் பெருமை தெரியும். எனக்கு ஆடு மாடு இல்லை. ஆனாலும் என் கையிலும் இலை கொடுத்தார்கள். “உங்கள் நோயாளிகளுக்கு வையுங்கள்” என்றார் அந்த அம்மா. அந்த ஆண்டு பிரசவம் பார்த்த பெண்கள், காசநோய்க்கு மாத்திரை சாப்பிட்டவர்கள் என்று நானும் பெயர் சொல்லி வைத்தேன். இருவர் பெயரைச் சொல்லும்போது குரல் வரவில்லை. யாரும் அவசரப்படுத்தவில்லை.

அந்தக் கொழுப்புப் பூசிய கற்களுக்கு இல்யா என்று பெயர். மந்தையின் உயிர்ச் சக்தி அதில் இருப்பதாக நம்பிக்கை. அந்த வீட்டுக் கற்கள் அந்த அம்மாவின் பாட்டி காலத்தவை. ஆண்டு முழுக்க ஆட்டு ரோமத்தில் பொதிந்து, துணியில் முடிந்து, தானியப் பானைக்குள் வைத்திருப்பார். அன்று ஒரு இரவுதான் வெளியே எடுப்பார்.

நள்ளிரவில் சிறுவர்கள் இச்சுப் புல்லைக் கற்றையாகக் கட்டிக் கொளுத்தி, ‘லுசி லுசி’ என்று கத்திக்கொண்டு பட்டியைச் சுற்றி ஓடுவார்கள். கெட்டது எல்லாம் விலகட்டும் என்று. தூரத்து மேடுகளிலும் அதேபோல நெருப்புகள் ஓடும். விடிவதற்கு முன்னால் வீட்டு ஆண்களில் இருவர் கோகாவும் சாராயமும் மக்காச்சோள மாவும் எடுத்துக்கொண்டு மலையில் குறிப்பிட்ட ஓர் இடத்துக்குப் போய்ப் புதைத்துவிட்டு வருவார்கள். எங்கே என்று எனக்குச் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

விடிந்ததும் பட்டி. கல் அடுக்கிய வட்டச் சுவர். இளவட்டங்கள் முன்கூட்டியே மலையுச்சிக்குப் போய் லிமா லிமா, விலா விலா என்கிற பூக்களைப் பறித்து வந்திருப்பார்கள். பனிக்குப் பக்கத்தில் பூக்கும் பூக்கள். அவற்றைத் தேடிப் போவதே ஒரு வீரம். அவைதான் உங்கள் படத்தில் தொப்பிகளில் இருப்பவை. பெண்கள் தின்யா என்கிற சின்னத் தோல் மேளத்தை ஒற்றைக் குச்சியால் தட்டிக்கொண்டு பாடுவார்கள். ஆண்கள் வக்ராபுக்கு ஊதுவார்கள். உங்கள் படத்துப் பெரியவர் கையில் இருப்பது அதுதான். மாட்டுக் கொம்புத் துண்டுகளை ஒன்றோடு ஒன்று பொருத்திச் சுருளாகச் செய்தது. கூடவே ஒரு வயலின். அந்தக் கொம்பின் சத்தம் இனிமையானது என்று சொல்ல மாட்டேன். நெஞ்சுக்குள் போய் அதிரும். பட்டியில் அத்தனை மிரண்டு நிற்கும் மாடுகள் அதைக் கேட்டுத் தலை தூக்குவதை ஒவ்வொரு ஆண்டும் பார்த்திருக்கிறேன்.

ஒவ்வொன்றாகப் பிடித்து, கோணி ஊசியில் ரிப்பன் கோத்துக் காதில் குத்திக் கட்டுவார்கள். சிந்தாச்சிகுய் என்று அதற்குப் பெயர். இளம் ஆடுகளுக்குக் காதில் வீட்டு அடையாளமாக ஒரு துண்டு வெட்டுவார்கள். உங்கள் பக்கத்தைப் பார்த்த எங்கள் இல்லத்து இளம் சகோதரி ஒருவர், “பாவம், வலிக்காதா?” என்று கேட்டார். வலிக்கும். ரத்தம் வரும். நான் செவிலியர், அதை மறைத்துச் சொல்ல மாட்டேன். ஊசியைச் சாராயத்தில் நனைப்பார்கள். குத்திய இடத்திலும் ஊற்றுவார்கள். வெட்டிய காதுத் துண்டுகளை ஒன்றுகூடச் சிந்தாமல் ஒரு தட்டில் சேர்த்து, கோகாவோடு பட்டிக்குள் புதைப்பார்கள். குத்துகிறவர் மாட்டின் நெற்றியைத் தடவிக்கொண்டே ஏதோ சொல்லிக்கொண்டிருப்பார். என்ன சொல்கிறீர்கள் என்று ஒரு தடவை கேட்டேன். “பொறுத்துக்கொள் என்கிறேன். நீ யார் வீட்டுப் பிள்ளை என்று தெரிய வேண்டாமா என்கிறேன்” என்றார்.

எனக்கு மிகவும் பிடித்தது ஆட்டுக் கல்யாணம். ஒரு இளம் கிடாவையும் ஒரு பெட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் படுக்க வைத்து, ஒரே போர்வை போர்த்தி, வாயில் கோகா இலையும் சிச்சாவும் ஊட்டுவார்கள். சிச்சா என்றால் மக்காச்சோளத்தை முளைகட்டிக் காய்ச்சிப் புளிக்க வைத்த பானம். ஒருவர் பாதிரியார் வேடத்தில் மந்திரம் சொல்வார். முதல் தடவை எனக்குக் கொஞ்சம் சங்கடமாக இருந்தது. அப்புறம் நானே பெண் வீட்டுப் பக்கம் நின்றிருக்கிறேன். சிரித்துக்கொண்டேதான் செய்வார்கள். ஆனால் மந்தை பெருக வேண்டும் என்ற அந்த வேண்டுதலில் விளையாட்டு இல்லை. அல்பாக்கா ஒரு ஈற்றுக்கு ஒரே குட்டிதான் போடும், அதுவும் பதினோரு மாதத்துக்கு மேல் சுமந்து. மழை மாதங்களில் பிறக்கிற குட்டி ஜூன், ஜூலைக் குளிரைத் தாண்ட வேண்டும். ஓர் இரவு கடும் பனி இறங்கினால் காலையில் பட்டியில் விறைத்துக் கிடக்கும். அப்படிக் கிடந்த குட்டியை மடியில் வைத்துக்கொண்டு மருந்தகத்துக்கு ஓடிவந்த பெண்களுக்கு என்னிடம் கொடுக்க மருந்து இருந்ததில்லை.

இது எத்தனை பழைய துக்கம் என்பது எனக்குப் பின்னால் தெரிந்தது. எங்கள் ஹுனின் மாநிலத்திலேயே, 4,400 மீட்டருக்கும் மேலே, தெலார்மச்சாய் என்று ஒரு பாறைக் குடைவு இருக்கிறது. தொல்லியலாளர்கள் அங்கே தோண்டி, ஏறத்தாழ 6,000 ஆண்டுகளுக்கு முன்பே மனிதர்கள் அல்பாக்கா, லாமா இனத்தைப் பழக்கி வளர்த்திருக்கிறார்கள் என்று கண்டார்கள். எதை வைத்துச் சொன்னார்கள் தெரியுமா? பிறந்த சில நாளில் செத்த குட்டிகளின் எலும்புகள் ஏராளமாகக் கிடைத்ததும் ஒரு தடயம். காட்டில் வேட்டையாடினால் இத்தனை பச்சைக் குட்டிகள் ஓரிடத்தில் சேராது. பட்டியில் அடைத்தால்தான், சகதியில் கிருமி சேர்ந்து, கழிச்சல் கண்டு, குட்டிகள் கூட்டமாகச் சாகும். இன்றும் அதே கழிச்சலில்தான் சாகின்றன. அதைக் கேட்ட அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. 6,000 ஆண்டுகளாக அந்த மேட்டில் யாரோ ஒருவர் செத்த குட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

சரி, மாடும் செம்மறியும் குதிரையும் ஸ்பெயின்காரர்கள் 1532-க்குப் பிறகு கொண்டுவந்தவை. புனித சந்தியாகோவும் அவர்களோடு வந்தவர்தான். இதைச் சொல்ல எனக்குக் கஷ்டமாக இருக்கிறது, ஆனாலும் சொல்ல வேண்டும். 1536-ல், அந்த நாட்டை முன்பு ஆண்ட இன்காக்களின் படை குஸ்கோ நகரை முற்றுகையிட்டபோது வெள்ளைக் குதிரைமேல் வாளோடு சந்தியாகோ தோன்றி ஸ்பெயின்காரர்களைக் காப்பாற்றினார் என்று கதை. ஸ்பெயினில் முஸ்லிம்களை வெட்டுபவராகக் காட்டப்பட்டவர், பெருவுக்கு வந்து பழங்குடிகளை வெட்டுபவராக ஆனார். குதிரைக் காலடியில் கெச்சுவா மொழி பேசும் பழங்குடியினர் விழுந்து கிடக்கும் ஓவியங்களும் சுரூபங்களும் அங்கே உண்டு. குவாமன் போமா என்ற ஆண்டீஸ்காரர் 1615 வாக்கில் ஸ்பெயின் அரசருக்கு 1,200 பக்க அளவில் படங்கள் வரைந்து ஒரு முறையீட்டுக் கடிதம் எழுதினார். 1908-ல் கோபன்ஹேகன் நூலகத்தில்தான் அது கண்டெடுக்கப்பட்டது. அதில் அவர் குஸ்கோ சம்பவத்தை வரைந்து, இடி முழக்கத்தோடு மின்னல் போல அவர் இறங்கினார் என்றும், அன்று முதல் நம் மக்கள் மின்னலையே சந்தியாகோ என்கிறார்கள் என்றும் எழுதியிருக்கிறார்.

மின்னல், இடி, ஆலங்கட்டி, மழை. மேய்ப்பருக்கு இவைதான் வாழ்வும் சாவும். இடியின் கடவுளை இல்யாபா என்றார்கள். எங்கள் பக்கத்துப் பழைய பெயர் லிபியாக். வெடிமருந்துச் சத்தத்தோடு வந்த புனிதரின் பெயரை எடுத்து, தங்கள் இடிக்குச் சூட்டிவிட்டார்கள். தங்களை வெட்ட வந்தவரை ஆடு மாடு காக்கச் சொல்லி மலையில் உட்கார வைத்துவிட்டார்கள். திருச்சபைக்கு இது தெரியாமல் இல்லை. 1621-ல் லிமாவில் அச்சான அர்ரியாகா என்ற சேசுசபைக் குருவின் நூலில் ஒரு கட்டளை இருக்கிறது. இனி எந்தப் பழங்குடியும் லிபியாக் என்றோ சந்தியாகோ என்றோ பெயர் வைக்கக் கூடாது, டியேகோ என்று வைத்துக்கொள்ளட்டும் என்று. இரட்டைக் குழந்தை பிறந்தால் ஒன்றை மின்னலின் பிள்ளை என்று கருதிச் சந்தியாகோ என்று அழைப்பார்களாம். அதனால் தடை. வீட்டுக் கற்களையும் அப்போது தேடித் தேடிப் பறித்து உடைத்தார்கள்.

என் ஊர்ப் பாதுகாவலரின் பெயரை, என் திருச்சபையே ஒரு மக்களுக்கு வைக்கக் கூடாது என்று தடுத்திருக்கிறது. அந்த அம்மா தம் பானைக்குள்ளிருந்து கல்லை எடுத்த முதல் இரவில் நான் எழுந்து போனேனே, அந்தப் பழைய ஆட்களின் பக்கத்தில்தான் அன்று நான் நின்றிருக்கிறேன். அதற்காக அவரிடம் பிறகு மன்னிப்புக் கேட்டேன். அவர் என் கையில் இன்னும் கொஞ்சம் கோகா இலை வைத்தார்.

அந்த மேட்டு மக்கள் மந்தையை இழந்த கதையும் ஒன்றா இரண்டா. 1922-ல் லா ஒரோயாவில் உலோக ஆலை தொடங்கியபோது அதன் நச்சுப் புகையில் சுற்று வட்டாரத்துப் புல் கருகியது, ஆடு மாடுகள் செத்தன. பாழான அந்த நிலங்களை, ஆலையை நடத்திய சுரங்கக் கம்பெனியே வாங்கி, அதில் பெரிய ஆட்டுப் பண்ணை நடத்தியது. தம் மாமனார் சொந்தப் புல்லிலேயே கூலி மேய்ப்பராக இருந்தார் என்று அந்த அம்மா சொல்வார். 1969-ல் நிலச் சீர்திருத்தம் வந்தது. பண்ணைகள் கூட்டுறவாயின. அதில் ஒன்று கவுய்தே கூட்டுப் பண்ணை. 1980-களின் கடைசியில், செந்தேரோ (‘ஒளிரும் பாதை’) என்ற மாவோயிஸ்ட் கொரில்லாக்கள் அரசோடு போரிட்ட காலத்தில் அது சூறையாடப்பட்டு அழிந்தது. அந்தப் போரில் இறந்தவர்கள் ஏறத்தாழ 69,000 பேர் என்று 2003-ல் உண்மை அறியும் ஆணையம் மதிப்பிட்டது. நான்கில் மூன்று பேர் கெச்சுவாவோ வேறு பழங்குடி மொழியோ பேசியவர்கள்.

அந்த அம்மாவின் மந்தையையும் அந்த ஆண்டுகளில் ஓர் இரவு ஆயுதத்தோடு வந்தவர்கள் ஓட்டிக்கொண்டு போனார்கள். ஓட்ட முடியாததைப் பட்டியிலேயே சுட்டார்கள். ஜூலை 24 வந்தது. எண்ண ஒன்றும் இல்லை. கணவர், வேண்டாம், எதற்கு என்றாராம். இவர் சால்வையை விரித்தாராம். கல்லை எடுத்தாராம். போன ஒவ்வொன்றின் பெயரையும் சொல்லி ஒவ்வொரு இலை வைத்தாராம். “இல்லை என்பதையும் சொல்ல வேண்டுமே எர்மானா. கணக்கு அவருடையது அல்லவா” என்றார் என்னிடம். நான் அங்கே போய்ச் சேர்ந்தபோது அவரிடம் ஒன்பது செம்மறிகள் இருந்தன. பள்ளி ஆசிரியர் ஒருவரிடம் பாதிப் பங்குக்கு வாங்கி வளர்த்தவை.

இப்போது உவான்காயோ நகரத்திலும் லிமாவிலும் சந்தியாகோ பெரிய கொண்டாட்டமாகிவிட்டது. சாக்சபோனும் கிளாரினெட்டும் வைத்த இசைக்குழுக்கள், பீர்ப் பெட்டிகள், அடுக்கடுக்கான பாவாடை சுழல ஆடும் பெண்கள். ஒரு மாடு கூட இருக்காது. அதைப் பார்த்து முகம் சுளிக்கிறவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றியதில்லை. போருக்குப் பயந்து மலையிறங்கி ஓடி, லிமாவின் மணல் மேடுகளில் தகரக் கொட்டகை போட்டவர்களின் பிள்ளைகள் அவர்கள். கையில் மந்தை இல்லாவிட்டாலும் பாட்டு இருக்கிறது. அது போதும்.

எனக்குக் கவலை வேறு ஒன்று. எங்கள் கிராமத்திலிருந்து பார்த்தால் உவாய்தபாயானா பனிமலை தெரியும். 5,500 மீட்டருக்கும் மேலே. அந்தப் பகுதி முழுக்க எல்லோரும் பெயர் சொல்லிக் கூப்பிடும் பெரிய வமானி அவர்தான். நான் வந்த புதிதில் பனி தோள் வரை இறங்கியிருக்கும். நான் கிளம்பும் ஆண்டில் கறுப்புப் பாறை வெளியே தெரிந்தது. பனி குறைந்தால் வறண்ட மாதங்களில் ஓடை குறையும், ஈரப் புல்வெளி சுருங்கும், அல்பாக்கா மெலியும். 2011-ல் அரசு அதைப் பாதுகாக்கப்பட்ட பகுதியாக அறிவித்தது நல்ல காரியம். ஆனால் பனியை வேலி போட்டு நிறுத்த முடியாதே. அந்த அம்மா அந்தப் பக்கம் பார்த்து, “அவர் தொப்பியைக் கழற்றிக்கொண்டே இருக்கிறார். நாங்கள் எதில் கணக்குத் தப்பினோம் என்று தெரியவில்லை” என்பார். அவர் ஒன்றிலும் கணக்குத் தப்பவில்லை என்று சொல்ல எனக்குத் தொண்டை அடைக்கும். பூமியைச் சூடாக்கிப் பனியை உருக்குவது வண்டிப் புகையும் ஆலைப் புகையும். அந்த மேட்டில் பலர் வீட்டில் இன்றும் வண்டி கிடையாது, ஆலை கிடையாது.

அதனால்தான் ஆசிரியர் அவர்களே, அந்த ஒரு வரி எனக்கு உறுத்துகிறது. ‘மாடுகளைத் தெய்வமாக வணங்கும்’ என்று போட்டால் படிப்பவர்கள் பார்த்துவிட்டு, நம் ஊர் போலத்தான் என்று பக்கத்தைத் திருப்பிவிடுவார்கள். நம் மாட்டுப் பொங்கலுக்கு அதற்கே உரிய அர்த்தம் உண்டு, அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. இது வேறு மண், வேறு மக்கள், வேறு பேச்சு. அடுத்த முறை இந்தப் படங்களை எடுத்தாளும்போது, ‘ஆண்டீஸ் மேய்ப்பர்கள் தங்கள் மந்தையை எண்ணி, அடையாளமிட்டு, மலைக்குக் கணக்குச் சொல்லும் நாள்’ என்று போடும்படி கேட்டுக்கொள்கிறேன். ஹுனின், பெரு என்று ஊர்ப் பெயரும் சேர்த்து.

அந்த அம்மா 2013-ல் இறந்தார். அவருடைய பேத்தி இப்போது மந்தையைப் பார்க்கிறாள். நான் பிரசவம் பார்த்த பிள்ளை. ஒவ்வொரு ஆண்டும் ஜூலை 24 இரவு, இங்கே நமக்கு 25 காலை, வாட்ஸ்அப்பில் குரல் செய்தி அனுப்புவாள். பின்னால் தின்யா சத்தமும் நாய் குரைப்பும் கேட்கும். இந்த ஆண்டுச் செய்தி இது: “எர்மானா, செம்மறி 41. போன வருடம் 38. அல்பாக்கா 12, குட்டி மூன்று பனியில் போய்விட்டது. பசு 2, ஒன்று சினை. நெற்றி வெள்ளைச்சியின் பேத்திக்குச் சிவப்பு ரிப்பன் கட்டப் போகிறோம். உங்கள் பெயருக்கும் ஒரு இலை வைத்திருக்கிறேன்.”

இப்படிக்கு,
ஓய்வில் இருக்கும் ஓர் அருட்சகோதரி,
தங்கச்சிமடம், ராமநாதபுரம் மாவட்டம்.